போத்ரும் கடலும் மாலுமியின் இனாமும்

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் குடும்பங்கள் கோடை விடுமுறையில் துருக்கி சென்று வருவது இப்போது அரிதன்று. இஸ்தான்பூலின் பள்ளிவாசல்களையும் கடைவீதிகளையும் கண்டு முடித்தபின், நாட்டின் தென்மேற்குக் கரைக்குச் சென்று, பாய்மரப் படகொன்றை ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுத்துக் கடலிலேயே தங்கிவரும் ஆசை சிலருக்கு எழுகிறது. வாசகர்களே, அவ்வாசை உங்களுக்கும் எழுமாயின், அந்தக் கரையின் அழகை எடுத்துரைக்க எத்தனையோ பேர் உளர். படகைச் செலுத்தித் தரும் மாலுமிக்கு இறுதி நாளில் என்ன கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்று சொல்வோர் குறைவு. அதனையே இங்கு எழுத எண்ணுகிறேன்.

இக்கடற்பயணங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் போத்ரும். 1925-ஆம் ஆண்டில், தாம் எழுதிய ஒரு கட்டுரைக்காகத் தண்டிக்கப்பட்டு இவ்வூருக்கு அனுப்பப்பட்டவர் ஜெவாத் ஷாகிர் என்னும் எழுத்தாளர். தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் அவருக்கு இவ்வூரை விட்டுப் போக மனம் வரவில்லை. நெடுங்காலம் இங்கேயே வாழ்ந்து, ‘ஹாலிகர்னாஸ் மீனவர்’ என்னும் புனைபெயரில் எழுதினார். கடற்பஞ்சு எடுப்போரின் படகுகளில், எளிய உணவுப் பொருட்களுடன், தம் நண்பர்களை அழைத்துக்கொண்டு இக்குடாக்களைச் சுற்றியவரும் அவரே. அந்நண்பர்களுள் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் அம்மையார் 1962-இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘மாவி யோல்ஜுலுக்’; நீலப் பயணம் என்று பொருள். இன்று இக்கரையின் படகுச் சுற்றுலா முழுவதும் அப்பெயராலேயே வழங்குகிறது.

படகுகள் இருவகை. குலெத் என்னும் பெரிய மரக்கலத்தில் தலைவர், சமையற்காரர், பணியாட்கள் எனப் பலர் இருப்பர். மற்றொன்று சிறிய பாய்மரப் படகு. இதில் படகுக்கு ஒரு வாடகை, மாலுமிக்குத் தனியாக நாட்கூலி. அவர் ஒருவரே பாய் ஏற்றுவார், சுக்கான் பிடிப்பார், நங்கூரம் இறக்குவார். கயிற்றை எடுத்துக்கொண்டு நீந்திச் சென்று கரையிலுள்ள பாறையிலோ பைன் மரத்திலோ கட்டிவிட்டும் வருவார். நம்மில் பெரும்பாலோர்க்குப் படகு ஓட்டத் தெரியாது. ஆதலால் நாம் நாட வேண்டியவர் இவரே.

‘மாலுமி’ என்னும் சொல்லே முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது, சுக்கானும் அவ்வாறே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் நாவில் புழங்கிய சொற்கள் இவை. துருக்கியர் இனாமைப் ‘பஹ்ஷிஷ்’ என்பர். நம்மூர் ‘பக்‌ஷீஸ்’ என்பதும் அதே பாரசீகச் சொல்தான். ஆனால் நம்மிடையே அச்சொல்லுக்கு ஏறிவிட்ட கைக்கூலி வாடை அங்கு இல்லை. மனநிறைவோடு கொடுப்பதே பஹ்ஷிஷ்.

முதலில், எது இனாம் அன்று என்பதைத் தெளிந்துகொள்ளுங்கள். நாட்கூலி இனாம் அன்று. அது அவருடைய உரிமை. பயணம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதில் ஒரு காசும் குறைக்கலாகாது. அவருடைய உணவும் அப்படியே. படகில் சமைத்தால் அவருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். அவர் உறங்க ஓர் இடமும் வேண்டும். நான்கு அறைப் படகு என்றால் உங்களுக்கு மூன்றே எனக் கொண்டு கணக்கிடுங்கள். குடாக்களில் உள்ள சிற்றுணவகங்கள் பல, விருந்தினரை அழைத்துவரும் மாலுமிக்கு இலவசமாகவே உணவிடும். ஆயினும் “வாருங்கள் கப்தான், எங்களோடு உண்ணுங்கள்” என ஒரு சொல் அழைப்பது பண்பு. சில வேளைகளில் அவர் தனித்திருக்க விரும்புவார். அப்போது வற்புறுத்தாமல் விட்டுவிடுவதும் பண்பே. பயணம் முடிந்து மீந்த அரிசியையும் ஊறுகாய்ப் புட்டியையும் அவர் கையில் திணித்துவிட்டு, இனாம் கொடுத்தாயிற்று என்று இறங்குவோரும் உண்டு! மஸ்கோத் அல்வா கொண்டு சென்றிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அது இனாமோடு சேர்ந்தது, இனாமுக்கு மாற்று அன்று.

இனி, இனாம் எதற்கு? இதற்கு விடை காண அங்கு வீசும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் காற்றுக்கு ‘மெல்தெம்’ என்று பெயர். மழையில்லை, மேகமில்லை, வானம் தெளிவாகவே இருக்கும். காலையில் இளங்காற்றாகத் தொடங்கிப் பிற்பகலில் ப்யூஃபோர்ட் அளவில் ஆறு, ஏழு வரை ஏறிவிடும். வாடையும் கச்சானும் அறிந்த நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களோ வெயிலைப் பார்த்து ஏமாந்துபோவர்.

நாங்கள் சென்ற வாரத்தில் தாத்சா தீபகற்பத்தின் முனையிலுள்ள நிடோஸ் துறையில் நங்கூரமிட்டிருந்தோம். பண்டைய கிரேக்க நகரொன்றின் அரங்கமும் இடிந்த சுவர்களும் நீர்க்கரை வரை இறங்கி நிற்கும் இடம். அங்கிருந்து போத்ருமுக்குக் கோக்கோவா வளைகுடாவின் வாயைக் கடந்து, காற்றை எதிர்த்து, ஏறத்தாழ 20 கடல்மைல் செல்ல வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டு மாலையில் போத்ரும் கடைத்தெருவில் இருக்க வேண்டுமென்பது எங்கள் கூட்டத்தின் விருப்பம். மாலுமி முனைப்பக்கம் கை காட்டினார். அங்கே நுரை வெண்மையாகத் தெரிந்தது. “இன்று இல்லை. நாளை வைகறையில்” என்றார். எங்களுடன் வந்த உறவினர் ஒருவர், “இனாமைக் குறைத்தால் தெரியும் இவருக்கு” எனத் தமிழில் முணுமுணுத்தார். மாலுமிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலின் பொருள் எந்நாட்டவர்க்கும் விளங்கக்கூடியதுதான். அவர் மறுமொழி கூறாமல் இரண்டாவது கயிற்றையும் கரையில் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் விடியுமுன் நான்கரை மணிக்கு நங்கூரம் எடுத்தோம். எட்டரை மணிக்குள் போத்ரும் கோட்டை தெரிந்தது. சிறுவர் ஒருவருக்கும் வாந்தி இல்லை.

எண்ணிப் பாருங்கள். பருவம் மே முதல் அக்டோபர் வரைதான். கூலி உறுதி என்றாலும், வாரந்தோறும் கிடைக்கும் இனாமையும் சேர்த்தே ஒரு மாலுமி குளிர்காலச் செலவுக்கு எடுத்து வைப்பார். விருந்தினர் முகம் கோணினால் அது குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். அவ்வாறிருந்தும் “இல்லை” என்று சொல்பவரே உங்கள் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கத்தக்கவர். கேட்டபடியெல்லாம் படகை விடுபவருக்கு மிகுதியாகவும், காத்திருக்கச் சொன்னவருக்குக் குறைவாகவும் கொடுப்போமானால், அடுத்த வாரம் வரும் குடும்பத்திற்கு நாம் செய்வது நன்மையன்று. என் உறவினரிடமும் அன்று மாலை இதையே சொன்னேன். அவர் முழுவதும் ஒப்பவில்லை, உறையில் தம் பங்கை வைக்க மட்டும் ஒப்புக்கொண்டார்.

வேறு சிலவும் உண்டு. நம் பெண்கள் கடலில் இறங்க விரும்பினால், பிற படகுகள் வாராத குடாவாகத் தேடித் தரும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல மாலுமிக்கு இருமுறை சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய இடத்தில் நங்கூரமிட்டபின், வேலை இருப்பதுபோல் அணியத்தில் போய்த் திரும்பி அமர்ந்து கயிறு சீர்செய்துகொண்டிருப்பார். இதற்கெல்லாம் ஒப்பந்தத்தில் வரி கிடையாது.

எவ்வளவு என்பதற்குச் சட்டம் இல்லை, வழக்கமே உண்டு. மத்திய தரைக்கடலின் பெரிய உல்லாசக் கலங்களில் வாடகையில் 5 முதல் 15 விழுக்காடு என்பர்; குலெத்களில் 5 முதல் 10 வரை, அனைத்துப் பணியாளருக்கும் சேர்த்து. சிறு படகில் தனி மாலுமி என்றால் அவருடைய கூலியை அடிப்படையாகக் கொள்வதே நேர்மை என்பது என் கருத்து. நாளொன்றுக்கு 200 யூரோ என வைத்துக்கொண்டால் ஏழு நாளுக்கு 1,400. அதில் பத்தில் ஒரு பங்கு 140. மனம் நிறைந்திருந்தால் 200 கொடுங்கள். கூலியில் பேரம் பேசிக் குறைத்துவிட்டு இனாமில் தாராளம் காட்டுவது ஒருவகை ஆடம்பரம், அதை விட்டுவிடுங்கள். உண்மையிலேயே பணியில் குறை இருந்தால், படகு நிலையத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்; உறையை மெலிதாக்கிவிட்டு ஊமையாய்ப் போவதால் யாருக்கும் பயனில்லை.

முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், அது சலுகை கேட்பது போலாகும். அலுவலகத்தின் வழியாகவும் அனுப்பாதீர்கள். தாளாகவே கொடுங்கள், அயல்நாட்டு நாணயங்களை வங்கியில் மாற்றுவது கடினம். குலெத் என்றால் தலைவரிடம், “எல்லோருக்கும்” என்று சொல்லி, மற்றவர் காதில் விழும்படி கொடுப்பது நலம்.

பெரும்பாலான படகுகளில் வாரம் சனிக்கிழமை காலையோடு முடிகிறது. அன்று மாலையே அதே மாலுமிக்கு வேறொரு குடும்பம் காத்திருக்கக்கூடும். பெட்டிகளை இறக்கும் பரபரப்பில் விடைபெறாமலே பிரிந்துவிடுவதும் நடக்கிறது. ஆகவே வெள்ளி இரவே உறையில் பணத்தை இட்டு, அவர் பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.