நாலு லட்சம் கடன், மாசம் எவ்வளவு?

கவுன்சிலிங் நேரத்தில் எல்லோரும் கட் ஆஃப் கணக்குப் போடுகிறார்கள். வட்டிக் கணக்குப் போடுவோர் குறைவு. வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கல்விக் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது என்பது சலுகைதான், ஆனால் வட்டி தூங்குவதில்லை. தனிவட்டியாகவே பார்த்தாலும் முதல் தவணை கட்டும்போது பாக்கி 5.54 லட்சம். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 7,600 ரூபாய்; மொத்தம் 9 லட்சத்தைத் தாண்டும். (குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்குத் தரச்சான்றும் இருந்தால், தவணை தொடங்கும்வரையிலான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. வங்கியில் கேட்டு வாங்க வேண்டும்.)

“சம்பளம் ஏறும், தவணை ஏறாதே” என்பார்கள். கைக்கு 25,000 வருகிறவருக்கு அது நியாயம்தான். 15,000-இல் தொடங்கி, சென்னையில் அறை வாடகையும் மெஸ் காசும் கொடுப்பவருக்கோ பாதிச் சம்பளம் முதல் வாரமே போய்விடும். “டிகிரி இல்லாமல் என்ன செய்வது?” என்பதும் சரியான கேள்வியே; அதற்காக எந்தக் கல்லூரியானாலும், என்ன விலையானாலும் பரவாயில்லை என்றாகிவிடாது. பேனரில் போடும் அதிகபட்ச பேக்கேஜ் யாரோ ஒருவர் வாங்கியது. என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் விவரத்தில் இடைநிலைச் சம்பளம் இருக்கிறது: வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அதில் கால் பங்கைத் தவணை தாண்டினால், ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் அரசுக் கல்லூரியை விருப்பப் பட்டியலில் மேலே ஏற்றலாம்.