குதானியின் இரண்டு சூளைகள்

ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், கடலுக்கும் மலைக்கும் நடுவே இருக்கிறது காகா நகரம். யமாஷிரோ, யமனாகா, கதயமாஸு என மூன்று வெந்நீர் ஊற்று ஊர்கள் அதற்குள் அடக்கம். 2024 மார்ச்சிலிருந்து புல்லட் ரயிலும் இங்கே நிற்கிறது. குளிக்கப் போகிறவர்கள் போகட்டும். யமனாகாவிலிருந்து டைஷோஜி ஆற்றை எதிர்த்து மலைக்குள் ஏறினால் குதானி வரும். உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் வீற்றிருக்கும் ஒரு பீங்கான் வகைக்குப் பெயர் கொடுத்த இடம் அது.

ஊர் என்று சொல்ல இப்போது அங்கே அதிகம் இல்லை. சரிவில் சூளைகளின் அடித்தளங்கள் கிடக்கின்றன. 1979இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பெரிய சூளையின் நீளம் 30 மீட்டருக்கும் அதிகம். அறைமேல் அறையாக மலையேறும் அமைப்பு. அடியில் மூட்டிய தீயின் வெப்பம் ஒவ்வோர் அறையாக மேலே ஏறிப் போகும். சரிவே புகைபோக்கியின் வேலையைச் செய்துவிடும்.

டைஷோஜி சமஸ்தானத்தின் முதல் பிரபு மயேடா தோஷிஹாரு காலத்தில், 1655 வாக்கில், கோட்டோ சைஜிரோ இங்கே தொழிலைத் தொடங்கியதாக வரலாறு. பீங்கானுக்கு வேண்டிய கல் அந்த மலையிலேயே கிடைத்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகளில் சூளை அணைந்துவிட்டது. அடர்ந்த பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம், சிவப்பு என வண்ணம் வாரியிறைத்த ‘பழைய குதானி’த் தட்டுகள் மட்டும் பெரும்புகழோடு மிஞ்சின.

1970களில் அகழாய்வு நடந்தபோது சங்கடம் வந்தது. சூளையடியில் கிடைத்த சில்லுகளில் பெரும்பாலானவை வண்ணமில்லாதவை. அதேசமயம் தெற்கே, கியூஷூ தீவின் அரிதா சூளைகளில், ‘பழைய குதானி’யோடு பொருந்தும் ஓடுகள் அகப்பட்டன. புகழ்பெற்ற தட்டுகளில் பலவும் அரிதாவில் பிறந்தவை என்பதே இன்று ஆய்வாளர் பலரின் முடிவு. காகாக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு: வண்ணம் தீட்டிய பீங்கானை இரண்டாம் முறை, குறைந்த சூட்டில், வேறொரு சிறு சூளையில்தான் சுடுவார்கள், பெரிய சூளையடியில் வண்ணச் சில்லு அதிகம் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. வழக்கு இன்னும் முழுசாக முடியவில்லை.

என் ஓட்டு வேறொருவருக்கு. டைஷோஜியில் யோஷிதாயா என்ற கடையை நடத்திய செல்வந்தர் தோயோதா தென்எமோன். 70 வயதைத் தாண்டிய பிறகு, 1824இல், பழைய அழகை மீட்டே தீருவேன் என்று, நூறாண்டுக்கு மேல் குளிர்ந்து கிடந்த அதே குதானி சரிவில் கைக்காசைப் போட்டுச் சூளை கட்டினார். பனி மூடும் மலை, தொலைவான போக்குவரத்து. இரண்டே ஆண்டில் யமாஷிரோவுக்கு இறங்கிவிட்டார். யோஷிதாயாப் பாத்திரங்களில் சிவப்பு கிடையாது. மற்ற நான்கு நிறங்களை விளிம்புவரை நிரப்பித் தீட்டினார்கள். வெள்ளைக்கு இடமே விடாத அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். எங்கே செய்தது என்ற சந்தேகமும் இவற்றில் இல்லை. 1831இல் அந்தச் சூளையும் நின்றது.

யமாஷிரோவில் தோண்டியெடுத்த அந்தச் சூளையைக் கூரை போட்டு மூடி, 2002 முதல் மக்களுக்குக் காட்டுகிறார்கள். மலைமேல் உள்ளதைவிட இங்கே பார்க்க நிறைய உண்டு. நேரம் குறைவென்றால் இங்கேயே வந்துவிடலாம். யோஷிதாயாவை அடுத்து மியமொதோயா என்பவர் அதே இடத்தில் தொடர்ந்தார். அவர் பட்டறையில் ஓவியம் தீட்டிய இய்தாயா ஹாச்சிரோஎமோன், முன்னவர்கள் ஒதுக்கிய சிவப்பையே எடுத்து, மயிரிழைக் கோடுகளால் பாத்திரம் முழுக்க நிரப்பினார்.

யமனாகாவின் கைத்தொழில் மரம். மலைவழியே குடியேறிய கடைசல்காரர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே கிண்ணம் கடைந்தார்கள். மரம் வளரும் திசையிலேயே கட்டையை நிறுத்திக் கடைவதால் கிண்ணம் எளிதில் கோணாது. அதன்மேல் உருஷி மரப்பாலைப் பூசுவார்கள். 1689இல் ஹைக்கூக் கவிஞர் பாஷோ எட்டு இரவுகள் தங்கியதும் இந்த ஊரில்தான்.

யமாஷிரோ நடுவில் மெய்ஜி காலத்துப் பொதுக்குளியல் ஒன்றைப் பழைய பாணியிலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். சுவரிலும் தரையிலும் குதானி ஓடுகள், மேலே வண்ணக் கண்ணாடி. அந்தக் காலத்து வழக்கப்படி சோப்பு இல்லை, ஷவரும் இல்லை. தொட்டியில் இறங்கி ஊற வேண்டியதுதான்.