பழங்கற்படி

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் சூளையிலிருந்து இறக்கிய பியூஸ் கட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் சரி. சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே கீறல். சுருக்கத்தை யாரும் குறையாகச் சொல்வதில்லை. மண் வெந்தால் சுருங்கும். அதற்கென்று அச்சையே பெரிதாகச் செய்கிறார்கள். அம்மா இருபது வருஷம் இப்படித் தட்டினாள்.

கொஞ்ச நாளாக ராத்திரிகளில் நான் செய்வதும் அதுதான். பாரடாக்ஸ் என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் இரண்டு சரித்திரக் கணினி விளையாட்டுகள்: 2020இல் வந்த 'குரூசேடர் கிங்ஸ் 3', 2013இல் வந்த 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4'. முன்னதை 867இலேயே தொடங்கலாம், 1453இல் முடியும். பின்னது 1444இல் தொடங்குகிறது. முதலாவதில் சேமித்துவைத்த உலகத்தை இரண்டாவதற்குக் கொண்டுபோக, ரசிகர்களே எழுதிய மாற்றி நிரல் ஒன்று உண்டு. எந்த மாகாணம் எதுவாகும், எந்த மதம் எதுவாகும் என்ற பட்டியல்களை வைத்துக்கொண்டு அது மாற்றுகிறது. நான் சோழர்களாக ஆடுகிறேன், மாற்றுகிறேன், சரிபார்க்கிறேன்.

முதல் விளையாட்டு மனிதர்களால் ஆனது. அத்தை, சித்தப்பா, பகை, ரகசியம் எல்லாம் அதில் பதிவாகின்றன. இரண்டாவது நாடுகளால் ஆனது. அரச குடும்பத்தில் அரசன், அரசி, வாரிசு மூவருக்கே இடம். அரசனும் நிர்வாகம், ராஜதந்திரம், படை என்று 0 முதல் 6 வரையிலான மூன்று எண்கள்தான்.

என் ஆட்டத்தில், பேரனை வளர்த்து ஆளாக்கிய ஒரு விதவைப் பாட்டி இருந்தாள். மாற்றியபின் பேரன் இருக்கிறான், அவள் இல்லை. பிழைப் பதிவில் ஒரு வரிகூடக் கிடையாது. பெற்றுக்கொள்கிற இடத்தில் அவளுக்கொரு கட்டமே இல்லாதபோது, விடுபட்டதை எது பிழை என்று சொல்லும்?

எங்கள் ஊர் விருத்தகிரீஸ்வரர் கோயிலைக் கற்றளியாக எழுப்பியவளும் ஒரு விதவை. கண்டராதித்தனின் மனைவி, உத்தம சோழனின் தாய், செம்பியன் மாதேவி. 10ஆம் நூற்றாண்டில் அவள் திருக்கோடிக்காவல் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டினார்கள். இது பழங்கல்லின் படி என்பதையும் சேர்த்தே வெட்டினார்கள். மாற்றியதை மறைக்காத மாற்றம் அது.

என் சோதனை அறிக்கையில் எழுதினேன்: மாகாணங்கள் சரி. மதங்கள் சரி. பாட்டி இல்லை.

இது கீறலா, சுருக்கமா? அம்மாவிடம் கேட்டேன்.

"சுருங்கினா பொருளு கையில இருக்கும்லப்பா" என்றாள்.