உதிரும் பிஞ்சுகள்

கிள்ளானில் ஒரு தரைவீட்டின் வாசலில் மாமரம் ஒன்று நிற்கிறது. அது பாட்டி நட்ட மரம். பிப்ரவரி மாத வெயிலில் இலை தெரியாத அளவுக்குப் பூத்தது. இரண்டாம் படிவத்தில் பயிலும் பேத்தி, அக்கம்பக்கத்தில் யாருக்கு எத்தனை பழம் கொடுப்பது என்று பட்டியலே போட்டுவிட்டாள்.

மார்ச் மாத இறுதியில் பல நாள் விடாமல் மழை பெய்தது. ஒரு நாள் காலையில் வாசல் முழுவதும் சுண்டுவிரல் அளவுப் பிஞ்சுகள் சிதறிக் கிடந்தன. "ஆண்டுதோறும் குப்பைதான் மிச்சம். ஆளை வைத்து வெட்டிவிடலாம், அம்மா," என்றார் தந்தை. பேத்தியின் முகம் வாடியது. பாட்டியோ முறத்தை எடுத்து வந்து, அடிபடாத பிஞ்சுகளை ஊறுகாய்க்குப் பொறுக்கத் தொடங்கினார்.

"பூத்ததெல்லாம் காய்க்குமா? காய்த்ததெல்லாம் பழுக்குமா? மரமும் வரவு பார்த்துத்தான் செலவு செய்யும்," என்றார்.

பாட்டியின் சொல்லில் அறிவியல் உண்டு. ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். அவற்றுள் பல, காய்க்கவே இயலாத ஆண் பூக்கள். நூறு பூக்களில் ஒன்றுகூட முழுப் பழமாவது அரிது. வறண்ட வானிலை மரத்தைப் பூக்கத் தூண்டுகிறது. பூத்த வேளையில் மழை பெய்தாலோ மகரந்தம் நனைந்து கெடும். ஈக்களும் தேனீக்களும் வருவது குறையும். ஈரத்தில் பரவும் பூஞ்சை நோய் பூங்கொத்தைக் கருக்கிவிடும்.

பிஞ்சு பிடித்த பிறகும் சோதனை தீர்வதில்லை. வானம் மூடியிருக்கும் நாள்களில் இலைகள் குறைவாகவே உணவு தயாரிக்கின்றன. மண் காய்ந்தால் நீர் போதாது. அப்போது விதை நன்கு வளராத பிஞ்சுகளில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி குறைகிறது, எத்திலீன் கூடுகிறது. காம்பிலுள்ள மெல்லிய படலம் பிரிய, பிஞ்சு விழுகிறது. எஞ்சியவற்றுக்கு உணவு கிடைக்கிறது.

மழை கெடுப்பது மாம்பூவை மட்டுமன்று. டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவில் மகரந்தச் சேர்க்கை பெறுகிறது. பத்துமலை போன்ற குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்களே அதற்கு உதவுகின்றன. அந்த இரவுகளில் மழை கொட்டினால் காய்ப்பு குறையும்.

மழை ஓய்ந்ததும் பாட்டி, தாழ்ந்த கிளையில் நெருக்கமாகத் தொங்கிய பிஞ்சுகளில் சிலவற்றைக் கிள்ளி எடுத்தார்.

"விழுந்தது போதாதா, பாட்டி? நல்ல பிஞ்சுகளையும் ஏன் பறிக்கிறீர்கள்?" என்று பேத்தி பதறினாள்.

"பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஆப்பிள் வாங்கினோமே, எல்லாம் ஒரே அளவாக இருந்ததைக் கவனித்தாயா?" என்று கேட்டார் பாட்டி.

ஆப்பிள் மரத்தில் ஒரு கொத்துக்கு ஐந்தாறு பூக்கள் பூக்கும். குளிர்நாட்டு விவசாயிகள் ஒன்றிரண்டு பிஞ்சுகளை மட்டும் விட்டு, மற்றவற்றை நீக்கிவிடுவார்கள். அனைத்தையும் விட்டால் பழங்கள் சிறுத்துவிடும், கிளை முறியலாம், அடுத்த ஆண்டுப் பூப்பும் குறையும்.

ஜூன் மாதத்தில் மரத்தில் முப்பத்திரண்டு பழங்கள் எஞ்சியிருந்தன. பேத்தி பட்டியலைச் சுருக்கி எழுதினாள். தந்தை முதல் பழத்தை நறுக்கி, பாட்டியிடம் நீட்டினார். மரத்தை வெட்டும் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை.