ஓசையின்றித் தேயும் பட்டை

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் அமைந்தது எங்கள் சென்னீர்குப்பம். மேற்கே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் மகிழுந்துகள் உருவாகின்றன. வடக்கே ஆவடியில் படைத்துறைக்கான கவச ஊர்திகள் உருவாகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உதிரிப் பாகங்கள் வடிவம் பெறுகின்றன. புதிய வண்டிகள் பிறக்கும் இவ்வூர்களுக்கு நடுவே, பழைய வண்டிகளுக்கு மறுவாழ்வு தரும் சிறு பட்டறைகளும் உண்டு. ஓர் இயந்திரத்தின் ஒழுங்கு எத்துணை நுட்பமானது என்பதை நான் உணர்ந்தது அத்தகைய பட்டறை ஒன்றில்தான்.

எங்கள் தெருவில் வாடகை மகிழுந்து ஓட்டும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். பிறர் ஓட்டிய வண்டியைக் கடனில் வாங்கி, அதன் வருவாயிலேயே மாதத் தவணையையும் வீட்டுச் செலவையும் கவனித்து வந்தார். ஒருநாள் விடியற்காலையில், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென நின்றுவிட்டது. புகை இல்லை, சூடு இல்லை, எந்த முன்னறிவிப்பும் இல்லை. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துச் சென்றபோது நானும் உடன் சென்றேன்.

மெக்கானிக் ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பினார். வழக்கமாகத் திணறிச் சுழலும் இயந்திரம் தடையேதுமின்றி விர்ரென்று சுழன்றது. உடனே சாவியை எடுத்துவிட்டார்.

"தம்பி, டைமிங் பெல்ட் அறுந்திருக்கு. இனிமே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே."

"பெல்ட்தானே அண்ணே, மாத்திட்டா ஓடாதா?"

"ஹெட்டை இறக்கினாத்தான் தெரியும்" என்றார் அவர்.

இயந்திரத்தின் அடிப்பகுதியில் உள்ள கிராங்க் தண்டு, பிஸ்டன்களின் மேல்கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது. மேற்பகுதியில் உள்ள கேம் தண்டு, வால்வுகளைத் திறந்து மூடுகிறது. முன்னது இருமுறை சுழலும்போது பின்னது ஒருமுறை சுழல வேண்டும். இக்கணக்கைப் பிசகாமல் காப்பதே பற்கள் கொண்ட ரப்பர்ப் பட்டையாகிய டைமிங் பெல்ட். நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில், ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை மேலேறுகிறது. ஒவ்வொரு வால்வும் 25 முறை திறந்து மூடுகிறது. பல இயந்திரங்களில் வால்வு திறந்து நிற்கும் இடமும் பிஸ்டன் ஏறிவரும் இடமும் ஒன்றே. ஒன்று விலகிய பின்னரே மற்றொன்று வருவதால் அவை மோதுவதில்லை. பட்டை அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். ஓட்டத்தின் வேகத்தில் இன்னும் சுழலும் கிராங்க் தண்டு, பிஸ்டனை அவற்றின்மேல் மோதச் செய்யும்.

மறுநாள், கழற்றிய வால்வுகளை மெக்கானிக் ஒரு சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். பெரும்பாலானவை வளைந்திருந்தன. பட்டையின் விலையைப்போலப் பன்மடங்கு செலவாயிற்று. வண்டி ஓடாத நாள்களின் வருவாயும் போயிற்று. தவணை நாள் மட்டும் தள்ளிப் போகவில்லை.

பெருமளவில் உற்பத்தியான மகிழுந்துகளில் இப்பட்டையை முதலில் கொண்டு வந்தது, 1962ஆம் ஆண்டு ஜெர்மனியில் உற்பத்தியான கிளாஸ் 1004 ஆகும். அதற்குமுன் சங்கிலியோ பற்சக்கரங்களோ இவ்வேலையைச் செய்துவந்தன. சங்கிலியைவிடப் பட்டைக்கு எடை குறைவு; ஓசையும் குறைவு. ஆனால் அந்த அமைதியே அதன் ஆபத்தும் ஆயிற்று. தளர்ந்த சங்கிலி பெரும்பாலும் கலகலவென ஒலித்து எச்சரிக்கும். பட்டையோ உறைக்குள் மறைந்திருந்து, ஓசையின்றித் தேய்ந்து, ஒருநாள் அறுந்துவிடும். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் முதுமையடையும். எண்ணெய்க் கசிவு பட்டால் விரைவில் கெடும். ஆகவேதான் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டுகள், எது முந்துகிறதோ அப்போது மாற்றுக எனத் தயாரிப்பாளர்கள் எல்லை வகுக்கின்றனர்.

அந்த இளைஞரின் வண்டியில் பட்டை கடைசியாக மாற்றப்பட்ட நாள் எங்கும் எழுதப்படவில்லை. அவர் வாங்கிய வண்டியோடு அந்தச் செய்தி மட்டும் வந்து சேரவில்லை. வேலை முடிந்ததும் மெக்கானிக், பட்டையின் உறைமீது வெள்ளைப் பூச்சால் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதினார். தன் தேய்மானத்தைத் தானே சொல்ல இயலாத பொருளுக்காக மனிதர் பேச வேண்டியிருக்கிறது. நாளை அவ்வண்டி வேறொருவர் கைக்குச் சென்றாலும், அந்த வெள்ளை எண்கள் அவரிடம் உரிய நேரத்தில் பேசும்.