வீடு போயிட்டு, வக்து போகல்ல



இன்று ஒக்டோபர் 30. சோனகத் தெருவில் பிறந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இது என்ன நாள் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 35 வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் நாங்கள் இழந்தவற்றை எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். இந்த முறை நான் வேறொன்றை எழுத நினைத்தேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1990இல் அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்து, எங்கள் ஆட்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். கையில் 150 ரூபாயும் கொஞ்சம் உடுப்பும்தான் கொண்டுபோகலாம். அந்த ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 70,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

எங்கள் வீட்டு வரலாறு சின்னது. உம்மாவின் வயிற்றில் நான் ஏழு மாதம். வாப்பா தையல்காரர். அவருடைய மெஷினில் பாதி தைத்த சேட்டு ஒன்று அப்படியே இருந்ததாம். போகும் வழியில் சோதித்தபோது உம்மாவின் காதில் கிடந்ததையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

வவுனியாப் பக்கம் போகும் லொறியில் கால் நீட்ட இடமில்லை. மாரி மழை. மேலே போட்டிருந்த தறப்பாளால் தண்ணீர் வழிந்தது. இருட்டிய பிறகு உம்மும்மா அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி ஒழு எடுத்தாராம். பிறகு உம்மாவைத் தட்டி, "எழும்புங்க மகள், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவோம்" என்றாராம்.

உம்மாவுக்குக் கோபம். "எல்லாம் போயிட்டே உம்மா. இனி என்னத்தத் தொழ?" என்று கேட்டிருக்கிறார்.

உம்மும்மா சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"வீடு போயிட்டு. வக்து போகல்ல மகள்."

உம்மா தொழுதார். இருந்த இடத்தில் இருந்தபடி, பக்கத்தில் இருந்தவரின் முதுகில் நெற்றி முட்ட முட்டத் தொழுதார். மனதில் ஈமான் பொங்கியதாலா என்று நான் ஒருமுறை கேட்டேன். "இல்ல மகள், உம்மா சொன்னாங்க, அதுதான் தொழுதேன். மனசுல ஒண்டுமே இருக்கல்ல" என்றார். இந்தப் பதிலின் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். கல்வியியற் கல்லூரியில் படித்தேன். நியமனம் கிடைக்கும் நேரம் வந்தபோது யாழ்ப்பாணம் தாருங்கள் என்று கேட்டு வந்தேன். வகுப்பில் இஸ்லாம் பாடத்தில் தவக்குல் பற்றி எத்தனை தடவை படிப்பித்திருப்பேன்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற ஹதீஸை மாணவர்கள் என்னைவிட வேகமாகச் சொல்வார்கள். விடைத்தாளில் முழுப் புள்ளியும் எடுப்பார்கள். எனக்கான பரீட்சை 2022இல் வந்தது.

என் கணவர் ஒரு சின்ன லொறி வைத்து சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். லீசிங்கில் எடுத்தது. டீசல் இல்லாத நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரவிரவாக வரிசையில் கிடந்தார். மே மாதம் ஒரு லீற்றர் 400 ரூபாய், ஜூனில் 460. அந்த விலைக்கு டீசல் அடித்து ஓடினால் கூலி மிஞ்சாது, ஓடாவிட்டால் தவணை கட்ட முடியாது. என் சம்பளம் சாப்பாட்டுக்கே காணவில்லை. முதலில் என் காப்பு அடகுக்குப் போனது, பிறகு மாலை. கடைசியில் ஒரு காலையில் லொறியையும் வந்து கொண்டுபோய்விட்டார்கள். லொறி போன பிறகும் கடன் மிச்சம் இருந்தது.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அந்த நாட்களில் நான் தொழுதேன், ஆனால் துஆ கேட்பதை நிறுத்திவிட்டேன். ஸலாம் கொடுத்தவுடன் முஸல்லாவைச் சுருட்டிவிடுவேன். கையை உயர்த்த வெட்கம். வட்டியில் கையெழுத்துப் போட்டவள் எந்த முகத்தோடு அல்லாஹ்விடம் கேட்பது என்று நினைத்தேன். இன்னொரு பக்கம் கோபமும் இருந்தது. எத்தனை வருடம் கேட்டேன், எனக்கு ஏன் இப்படி? வெட்கமும் கோபமும் சேர்ந்தால் வாய் அடைத்துவிடும்.

கணவரும் ஜும்ஆவுக்குப் பிந்திப் போய், கடைசி வரிசையில் நின்று, முதல் ஆளாக வெளியே வருவார். கடன் தந்த ஆட்களின் முகத்தில் முழிக்கப் பயம்.

ஒரு நாள் ஸுபஹுக்குப் பிறகு புத்தளத்துக்கு உம்மாவை அழைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். "துஆ கேட்டு என்னம்மா கிடைச்சது? உம்மும்மா சாகும் வரைக்கும் கேட்டாங்களே, கிடைச்சதா?" என்றும் கேட்டுவிட்டேன்.

கேட்டிருக்கக்கூடாத கேள்வி. உம்மும்மாவுக்கு ஒரே ஒரு துஆதான் இருந்தது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், சத்தமாகவே, "யா அல்லாஹ், என்னை யாழ்ப்பாணத்தில, சோனகத் தெருவில, எங்கட மையவாடியில அடங்க வை" என்று கேட்பார். 2006இல் அவர் மௌத்தானபோது பாதை மூடியிருந்தது. புத்தளத்து மண்ணில்தான் அடங்கினார்.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கேட்டது கிடைக்கல்லதான். ஆனா அந்தத் தெருவுட பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பிறந்தது இங்க. நாங்க யாரும் உங்களுக்குச் சொல்லித்தரல்ல. நாளைக்கு அஞ்சு தரம் அவங்கட துஆவிலதான் கேட்டீங்க. அதனாலதானே வேல கிடைச்சதும் அங்க போறேண்டு நிண்டீங்க?"

நான் போனைப் பிடித்தபடி அழுதேன்.

துஆ மூன்று விதத்தில் ஏற்கப்படும் என்று நாங்கள் படிப்பிக்கிறோம். கேட்டதே கிடைக்கும், அல்லது அதற்குப் பதிலாக ஒரு தீங்கு விலகும், அல்லது மறுமைக்குச் சேமித்து வைக்கப்படும். இதைக் கரும்பலகையில் 1, 2, 3 என்று எழுதியவள் நான். ஒரு கிழவியின் துஆ அவருடைய பேத்தியின் காலாக நடந்து யாழ்ப்பாணம் வந்து சேரலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்கு மறுமையில் என்ன சேமிப்பு என்பதை அல்லாஹ் அறிவான்.

அன்று லுஹருக்குப் பிறகு கையை உயர்த்தினேன். வார்த்தை வரவில்லை. "யா அல்லாஹ், எனக்கு ஏலாது" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு லொறி திரும்பி வந்தது என்று எழுதினால் இந்தப் பதிவு அழகாக முடியும். வரவில்லை. நடந்தது இதுதான். அன்றிரவு நானும் கணவரும் ஒரு பழைய கொப்பியில் கடன் முழுவதையும் எழுதிக் கூட்டினோம். மாதக்கணக்காக அந்தக் கூட்டுத்தொகையைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தோம். வட்டிக்காக தௌபா செய்து, இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று நிய்யத் வைத்தோம். கணவர் இன்னொருவரின் லொறிக்கு டிரைவராகப் போனார். முதலாளியாக இருந்தவருக்கு அது லேசான காரியம் இல்லை.

அடுத்த மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் போட்டிருந்த சீட்டில் முதல் முறை ஒரு தமிழ் அக்காவுக்கு விழுந்தது. அவருடைய மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த காசு. அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்கள் இதை எடுங்கோ டீச்சர், உங்கட முறை வரேக்க நான் எடுக்கிறன்" என்றார். நான் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. என் கழுத்தும் கையும் வெறுமையாக இருந்ததை அவர் கவனித்திருக்கிறார். என் துஆவுக்குப் பதில் எந்தக் கையால் வரும் என்று நான் நினைத்திருந்தேனோ, அந்தக் கை இல்லை இது.

யோசித்துப் பார்த்தால் 1990இலும் அப்படித்தான். லொறியில் உம்மும்மா தொழுத அந்தத் தொழுகைக்கு வானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள், சோறு சமைத்துக் கொடுத்தார்கள். அவர்களும் வசதியானவர்கள் இல்லை.

யஃகூப் நபி அலைஹிஸ்ஸலாம் மகனை இழந்து, அழுது அழுது கண் பார்வையே போன நபி. அவர் அழுததை அல்லாஹ் குறையாகச் சொல்லவில்லை. துக்கத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார், அதே நேரம் பிள்ளைகளிடம் நம்பிக்கை இழக்காமல் போய்த் தேடுங்கள் என்றும் சொன்னார். அழுகை, முறையீடு, தேடல் மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்தன. தவக்குல் என்றால் கல் போல இருப்பது என்று நினைத்திருந்தேன். அது என் பிழை.

நம்பிக்கை வந்த பிறகுதான் தொழ வேண்டும் என்றில்லை. மனதில் ஒன்றுமே இல்லாமல், யாரோ தட்டி எழுப்பியதற்காகத் தொழுத தொழுகையையும் அல்லாஹ் வீணாக்கவில்லை. அதைத்தான் உம்மா அன்று எனக்குச் சொல்லியிருக்கிறார். எல்லாம் இடிந்து விழும்போது அடுத்த வருடம் என்னவாகும் என்று எங்களால் பார்க்க முடியாது. அடுத்த வக்து எத்தனை மணிக்கு என்பது தெரியும். அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும். பிறகு அதற்கடுத்தது.

ஊர் மக்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியில் கடைசி வரிசையில் நின்று அவசரமாக வெளியேறும் ஒரு சகோதரரை அடுத்த ஜும்ஆவில் கண்டால், "ஸபூர் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வாசலில் நிறுத்தி ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். கடன் தந்தவராக இருந்தால் ஒரு மாதம் தவணை கொடுங்கள். வட்டியில்லாமல் கொடுக்க வசதி இருந்தால் கொடுங்கள். யாரோ ஒருவர் இருட்டில் கேட்ட துஆவுக்கு நீங்கள் பதிலாக இருக்கக்கூடும்.

எங்கள் கடன் இன்னும் முடியவில்லை. கொப்பியில் நான்கு வரி மிச்சம். அல்ஹம்துலில்லாஹ்.

உம்மும்மாவுக்காகவும், ஊர் திரும்பாமலே புத்தளத்து மண்ணில் அடங்கிய எல்லோருக்காகவும் இன்று ஒரு துஆ செய்யுங்கள். முடிந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஸர் பாங்கு சொல்கிறது, நிறுத்துகிறேன்.