கிணற்றில் ஒளிந்த காவலாள்



மாமல்லபுரம் போகும் வழியில் கோவளத்தைக் கடக்கும்போதெல்லாம் 1752-ஆம் ஆண்டு என் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம், செங்கல்பட்டுக் கோட்டைகளைப் பிடிக்க ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டார். அவரோடு வந்தவர்கள், இங்கிலாந்திலிருந்து புதிதாய் வந்திறங்கிய ஏறக்குறைய 200 பேரும், அப்பொழுதே சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும். போர் அறியாதவர்கள். கோட்டையிலிருந்து பாய்ந்த குண்டுக்கு ஒருவன் பலியானதும் மற்றவர்கள் ஓடினார்கள். பீரங்கி முழக்கத்துக்கு அஞ்சிய காவலாள் ஒருவன், பிறகு ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டானாம்.

கிளைவ் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அபாயத்தில் தாமே முன்னே நின்றார். மெல்ல அவர்களும் நின்றார்கள். கோவளம் வீழ்ந்தது, பின்பு செங்கல்பட்டும் வீழ்ந்தது.

அந்தத் தைரியம் ஒரு வணிகக் கம்பெனியின் ஆதாயத்துக்கே செலவாயிற்று. அதன் விலையைச் செலுத்தியது இந்த மண். ஆகையால் என் மனம் வெற்றியில் தங்குவதில்லை. கிணற்றுக்குள் நடுங்கிய அந்த மனிதனிடமே தங்குகிறது.

பிரியமானவர்களே, தேர்வில் தோற்ற பிள்ளை, கடனுக்கு அஞ்சிக் கதவடைத்த சகோதரர் என, அப்படி ஒளிந்திருப்பவர் நம் நடுவிலும் உண்டு. மேலே நின்று கடிந்துகொள்ளாதிருங்கள். இறங்கி அருகே நில்லுங்கள். சூரைச்செடியின் கீழே சோர்ந்து படுத்த எலியாவைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தே எழுப்பினான்.